தோல்வியை ஒப்புக்கொள்ளாத ஆட்டக்காரரும் அவரை நேசித்த மக்களும்

ஒரு நாட்டு மக்கள் எதன்மீது பற்று வைத்திருக்கிறார்கள் என்பதை அறிந்துகொண்டால், அந்த மக்களைப் பாதியளவு அறிந்துகொண்டதாகிவிடும். எமது ஒழுங்கைகளில் சிறுவர்கள் கிரிக்கெட் ஆடுவதைப் போலப் பிலிப்பைன்ஸ் நாட்டின் சந்துபொந்துகளில் எல்லாம் கூடைப்பந்து ஆடப்படுகிறது. அங்கு தேவாலயம் இல்லாத கிராமத்தைக் கூடக் காணலாம், கூடைப்பந்து வளையம் இல்லாத கிராமத்தைக் காண்பதரிது. தென்னை மரத்தில் அறைந்த பலகை, அதில் ஓர் இரும்பு வளையம், ஆடுபவர்களின் காலில் இரப்பர்ச் செருப்பு. இவ்வளவும் இருந்தால் அங்கே ஓர் ஆடுகளம் உருவாகிவிடுகிறது. அறுவடைக் காலத்தில் நெல்லைக் காயவைப்பதும் பெரும்பாலும் அதே சீமெந்துத் தளத்தில்தான்.

இந்த ஆட்டம் அமெரிக்க ஆட்சிக் காலத்தில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாடசாலைகள் ஊடாகவும் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் ஊடாகவும் அந்நாட்டுக்கு வந்து சேர்ந்தது. உயரத்தை வேண்டி நிற்கும் ஓர் ஆட்டத்தை, உயரம் குறைந்த ஒரு மக்கட் கூட்டம் தனதாக்கிக்கொண்டமை வியப்புக்குரியது. ஆயினும் அதில் அவர்கள் ஈட்டிய வெற்றிகள் சிறியவையல்ல. 1936ஆம் ஆண்டு பேர்லின் ஒலிம்பிக்கில் பிலிப்பைன்ஸ் ஐந்தாம் இடத்தைப் பெற்றது. 1954இல் பிரேசிலில் நடைபெற்ற உலகச் சம்பியன் போட்டியில் வெண்கலப் பதக்கத்தை வென்றது. 1951 முதல் 1962 வரையான நான்கு ஆசிய விளையாட்டு விழாக்களிலும் கூடைப்பந்தாட்டத் தங்கப் பதக்கம் அந்நாட்டுக்கே கிடைத்தது.

அத்தகைய நாட்டில் கடந்த அரை நூற்றாண்டில் மக்களால் மிகவும் நேசிக்கப்பட்ட ஆட்டக்காரர் யார் என்று கேட்டால், பெரும்பாலானோர் கூறும் பெயர் ரொபேர்ட் ஜாவோர்ஸ்கி என்பதாகும். அவர் மிக அதிக புள்ளிகளைக் குவித்தவரல்லர். மிக அதிக கிண்ணங்களை வென்றவருமல்லர். வாழ்நாள் தடை பெற்றவர், இராணுவ முகாமில் தடுத்துவைக்கப்பட்டவர், இறுதிப் போட்டியின் நடுவே தமது அணியை அழைத்துக்கொண்டு வெளியேறியவர். இத்தனைக்குப் பின்னரும் மக்கள் அவரைத் தோளில் தூக்கி, ஈற்றில் நாட்டின் செனட் சபைக்கே அனுப்பிவைத்தனர். ஒரு மக்கட் கூட்டத்தின் அன்பு எவ்வாறு பிறக்கிறது, அது எவற்றை மன்னிக்கிறது, எந்த இடத்தில் அது போதாமற் போகிறது என்பவற்றை விளங்கிக்கொள்ள அவரது வாழ்க்கை எமக்கு உதவும்.

பந்தைக் கொடுப்பவரின் பணி

ஜாவோர்ஸ்கி ஆடிய இடம் 'பொயின்ட் கார்ட்' எனப்படுவது. கூடைப்பந்தாட்டத்தில் ஓர் அணிக்கு ஐவர் ஆடுகின்றனர். அவர்களுள் உயரமானவர்கள் வளையத்தின் அருகே நின்று பந்தைப் பெற்றுப் புள்ளி சேர்க்கின்றனர். பொயின்ட் கார்ட் பந்தைத் தட்டியவாறு எதிரணியின் பக்கத்துக்குக் கொண்டுசென்று, ஆட்டத்தின் வேகத்தைத் தீர்மானித்து, எவரிடம் எக்கணத்தில் பந்தைக் கொடுப்பது என்று முடிவு செய்பவர். களத்துக்குள் நிற்கும் பயிற்றுவிப்பாளர் என்று அவரைக் கூறலாம். அவர் கொடுத்த பந்து நேரடியாகப் புள்ளியாக மாறினால் அது அவரது கணக்கில் ஓர் உதவியாகப் பதியப்படும்.

பொதுவாக இவ்விடத்தில் ஆடுபவர்கள் அணியில் உயரம் குறைந்தவர்களாகவும் விரைந்து நழுவக்கூடியவர்களாகவும் இருப்பர். ஆறடியைத் தாண்டிய உயரமும் திரண்ட தோள்களும் கொண்ட ஜாவோர்ஸ்கி அக்காலப் பிலிப்பைன்ஸ் ஆட்டத்தில் இதற்கு விதிவிலக்காக விளங்கினார். அவரது பெரிய கைகள் பந்தை ஒற்றைக் கையாற் பற்றி, களத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும் தோழனிடம் எறியக் கூடியவையாக இருந்தன. எதிராளியின் உடலோடு மோதுவதற்கும் அவர் அஞ்சியதில்லை. இந்த இரண்டாவது இயல்பே அவருக்குப் புகழையும் பழியையும் ஒருங்கே தேடித்தந்தது.

வாழ்நாள் தடையும் மன்னிப்பும்

ஜாவோர்ஸ்கி 1946 மார்ச் 8ஆம் திகதி வடக்கு லூசோனின் மலை நகரமான பாகியோவில் பிறந்தார். தந்தை போலந்து வழிவந்த அமெரிக்கர், தாய் பிலிப்பைன்ஸைச் சேர்ந்தவர். பிலிப்பைன்ஸ் காதுகளுக்கு அந்நியமான அந்தக் குடும்பப் பெயர் பின்னாளில் 'ஜாவோ' என்று சுருங்கி, வீட்டுப் பிள்ளையின் செல்லப் பெயர் போல் ஆகிவிட்டது.

மணிலாவில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அணியில், பேபி டலுபான் என்ற புகழ்பெற்ற பயிற்றுவிப்பாளரின் கீழ் அவர் ஆட்டத்தைப் பயின்றார். 21 வயதில், 1967இல், சியோலில் நடைபெற்ற ஆசியக் கூடைப்பந்தாட்டச் சம்பியன் போட்டியில் கிண்ணத்தை வென்ற தேசிய அணியில் இடம்பெற்றார். மறு ஆண்டு மெக்சிக்கோ ஒலிம்பிக்கிலும் ஆடினார்.

1971 டிசெம்பரில் அந்தப் பாதையில் ஒரு பெரும் முறிவு ஏற்பட்டது. அப்போது தொழில்முறை லீக் தோன்றியிருக்கவில்லை. நிறுவனங்களின் பெயரில் இயங்கிய அணிகள், பெயரளவில் தொழில்முறை சாராத ஒரு சங்கத்தின் கீழ் மோதிக்கொண்டிருந்தன. மெரல்கோ என்ற மின்சார நிறுவனத்தின் அணிக்கு ஆடிய ஜாவோர்ஸ்கி, கிறிஸ்பா அணிக்கு எதிரான போட்டியில் நடுவர்கள் பக்கச்சார்பாக நடந்துகொள்வதாக எண்ணிக் கொதித்தெழுந்து, சக வீரர் அல்பேர்ட்டோ ரெய்னோசோவுடன் சேர்ந்து அவர்களைத் தாக்கினார். இருவருக்கும் வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. 25 வயதில் அவரது ஆட்ட வாழ்வு முடிந்துவிட்டதாகவே கருதப்பட்டது.

ஆனால் 'வாழ்நாள்' என்பது இரண்டாண்டுகளுக்கும் குறைவாகவே நீடித்தது. 1973இல் ஆசியச் சம்பியன் போட்டி மணிலாவில் நடைபெறவிருந்தது. சொந்த மண்ணில் கிண்ணத்தை வெல்ல வேண்டிய நிலையில் தடை நீக்கப்பட்டு இருவரும் மீள அழைக்கப்பட்டனர். பிலிப்பைன்ஸ் அணி ஒரு போட்டியிலும் தோற்காமல் சம்பியனாகியது. நடுவரைத் தாக்கியமை எவ்வகையிலும் நியாயப்படுத்தத்தக்க செயலன்று. விதி தளர்த்தப்பட்டதற்குக் காரணம் தண்டனை கடுமையானது என்ற எண்ணமா, அல்லது ஆட்டக்காரர் தேவைப்பட்டார் என்பதா என்ற வினா எழுவது இயல்பு. வெற்றி கிடைத்தபின் அவ்வினாவை எவரும் பெரிதாக எழுப்பவில்லை. வெற்றியாளரை மன்னிப்பது எளிது என்பதற்கு இது அவரது வாழ்வில் முதற் சான்றாக அமைந்தது.

இரு அணிகள், இரு பாதிகளான நாடு

1975 ஏப்ரல் 9ஆம் திகதி கேசோன் நகரின் அரனெட்டா உள்ளரங்கில் பிலிப்பைன்ஸ் கூடைப்பந்தாட்டச் சங்கத்தின் முதற் போட்டிகள் ஆடப்பட்டன. ஆசியாவின் முதலாவது தொழில்முறைக் கூடைப்பந்தாட்ட லீக் அதுவேயாகும். அதன் ஒரு சிறப்பியல்பை இங்கு விளக்குதல் அவசியம். ஏனைய பல நாடுகளில் அணிகள் நகரங்களின் பெயரைத் தாங்குகின்றன. பிலிப்பைன்ஸ் லீக்கிலோ அணிகள் நிறுவனங்களுக்குச் சொந்தமானவை, பண்டங்களின் பெயரைத் தாங்குபவை. ஆகவே ஓர் அணியின் இரசிகர் ஒரு நகரத்துக்குள் அடங்குபவரல்லர். நாட்டின் எந்த மூலையிலும் அவர் இருக்கலாம்.

முதற் பத்தாண்டுகளில் நாடே டொயோட்டா, கிறிஸ்பா என இரண்டாகப் பிரிந்து நின்றது. ஒன்று மோட்டார் வாகன நிறுவனத்தின் அணி, மற்றது ஆடை நிறுவனத்தின் அணி. டொயோட்டாவின் பொயின்ட் கார்ட் ஜாவோர்ஸ்கி. அவருக்குத் துணையாக பிரான்சிஸ் அர்னாயிஸ், வளையத்தின் அருகே ரமோன் பெர்னாண்டெஸ். எதிரே கிறிஸ்பாவின் பயிற்றுவிப்பாளராக நின்றவர் ஜாவோர்ஸ்கியின் பழைய ஆசானான அதே பேபி டலுபான்.

அந்நாட்களில் ஜனாதிபதி மார்க்கோஸின் இராணுவச் சட்டம் நடைமுறையில் இருந்தது. 1972 செப்ரெம்பரில் பிரகடனப்படுத்தப்பட்ட அச்சட்டம் பத்திரிகைகளை மூடியது, கூட்டங்களைத் தடைசெய்தது, எதிர்ப்பாளர்களைச் சிறையிலடைத்தது. மக்கள் கூடி நின்று உரத்த குரலில் ஒரு பக்கத்தை ஆதரிக்கவும் மறுபக்கத்தைத் திட்டவும் இடமளித்த வெகுசில வெளிகளில் கூடைப்பந்தாட்ட அரங்கும் ஒன்றாக இருந்தது. அந்தப் போட்டி வெறி அத்தனை உக்கிரம் கொண்டிருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்பது எமது எண்ணம். 1977 ஏப்ரலில் இரு அணிகளின் வீரர்களும் கைகலந்தபோது, ஆட்சியாளர்கள் அவர்களை போனிபாசியோ இராணுவ முகாமில் ஓர் இரவு அடைத்துவைத்தனர். விளையாட்டுச் சண்டைக்கு லீக் தண்டனை வழங்குவது வழமை. இராணுவம் தண்டனை வழங்கியமை அக்காலத்தின் அடையாளம்.

1978இல் லீக்கின் மிகப் பெறுமதிமிக்க வீரருக்கான விருது ஜாவோர்ஸ்கிக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 32. அவரது ஆட்ட வாழ்வு முடிவதற்குள் 5,825 உதவிகள் அவரது பெயரில் பதியப்பட்டிருந்தன. அதேபோல் பெர்னாண்டெஸ் தமது ஆட்ட வாழ்வில் குவித்த 18,996 புள்ளிகளும் லீக்கின் பெருஞ் சாதனையாகும். டொயோட்டாவில் இருந்த காலத்தில் அப்புள்ளிகளுட் பல ஜாவோர்ஸ்கியின் கையிலிருந்து புறப்பட்ட பந்தினால் விளைந்தவை. ஒருவரின் புகழுக்குள் மற்றவரின் உழைப்பும் கலந்திருந்தது. அவ்விருவரும் பின்னர் ஒருவரோடொருவர் பேசாத பகைவர்களாகியமை இதனாலேயே மேலும் துயரமானது.

விற்கப்பட மறுத்தவர்

1983 ஓகஸ்டில் எதிர்க்கட்சித் தலைவர் நினோய் அகீனோ மணிலா விமான நிலையத்தில் சுட்டுக்கொல்லப்பட்டதை அடுத்து நாட்டின் பொருளாதாரம் சரிந்தது. 1984 பருவம் தொடங்குமுன் டொயோட்டா லீக்கிலிருந்து விலகியது. வீரர்கள் அனைவரும் மொத்தமாக ஒரு பியர் நிறுவனத்தின் அணிக்குக் கைமாற்றப்பட்டனர். தம்மிடம் ஒரு வார்த்தையும் கேளாமல் இவ்வாறு விற்கப்படுவதற்கு ஜாவோர்ஸ்கி உடன்படவில்லை. அவரும் அர்னாயிஸும் விலகி, கில்பீஸ் ஜின் என்ற வேறோர் அணியில் சேர்ந்தனர். பெர்னாண்டெஸ் புதிய உரிமையாளரிடம் சென்றார். நீண்டகாலத் தோழமை அத்துடன் அறுந்தது.

38 வயதில், பிறர் ஓய்வுபெறும் பருவத்தில், ஜாவோர்ஸ்கி எடுத்த அம்முடிவே அவரை ஒரு பெரிய ஆட்டக்காரர் என்ற நிலையிலிருந்து மக்களின் மனிதர் என்ற நிலைக்கு உயர்த்தியது. முதலாளியின் கணக்கேட்டில் ஒரு வரியாக இருக்க மறுத்த தொழிலாளியாக அவரைப் பலர் கண்டனர்.

அவர் சேர்ந்த அணி 1985இல் ஜினேப்ரா சான் மிகுவேல் என்று பெயர் மாறியது. ஜினேப்ரா என்பது பிலிப்பைன்ஸில் ஏழைகள் அருந்தும் மலிவான மதுவின் பெயர். அதே ஆண்டில் ஜாவோர்ஸ்கி அணியின் பயிற்றுவிப்பாளராகவும் ஆட்டக்காரராகவும் ஒருசேரப் பொறுப்பேற்றார். மீன்பிடிப்போர், ஜீப்னி ஓட்டுநர்கள், சந்தைத் தொழிலாளர்கள், வீட்டுப் பணிப்பெண்கள் ஆகியோரின் அணியாக அது விரைவில் மாறிற்று. இங்கு ஒன்றைக் கூறாமல் விட முடியாது. ஏழையின் அன்பைச் சம்பாதித்த அதே அணி, ஏழையின் குடும்பத்தைச் சிதைக்கக்கூடிய ஒரு பண்டத்தின் நடமாடும் விளம்பரமாகவும் இருந்தது. ஆரவாரம் செய்த மக்கள் அணியின் பெயரைக் கூவியபோதெல்லாம் மதுவின் பெயரையும் சேர்த்தே கூவினர். நிறுவனங்கள் அணிகளை நடத்துவதன் நோக்கமும் அதுவேயாகும்.

ஒன்பது தையல்கள்

1985 ஒக்டோபரில் நடைபெற்ற ஒரு போட்டி பிலிப்பைன்ஸ் விளையாட்டு வரலாற்றில் ஒரு கதையாகவே நிலைத்துவிட்டது. தேசிய அணிக்காகத் தயார்செய்யப்பட்ட வீரர்களைக் கொண்ட வலிமைமிக்க நோர்தேர்ன் சீமெந்து அணியுடன் ஜினேப்ரா மோதியது. எதிரணி வீரரின் முழங்கை பட்டு ஜாவோர்ஸ்கியின் உதடு கிழிந்தது. அவரை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றனர். உதட்டில் ஒன்பது தையல்கள் போடப்பட்டன. அணியோ பெரும் புள்ளி வித்தியாசத்தில் பின்தங்கியிருந்தது.

அந்நிலையில், ஆட்டம் முடிவடையுமுன், அவர் கட்டுடன் அரங்குக்குத் திரும்பிவந்தார். அவரைக் கண்டதும் அரங்கம் அதிர்ந்தது. அவர் களத்தில் இறங்கிய பின்னர் ஜினேப்ரா பின்தங்கிய புள்ளிகளை எட்டிப்பிடித்து வெற்றியும் பெற்றது. தோல்வியை ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதே என்ற அணியின் முழக்கம் அன்றைய இரவிலிருந்து நிலைபெற்றதாக இரசிகர்கள் கூறுவர்.

இக்கதையில் மக்கள் எதைக் கண்டனர்? வேலைத்தளத்தில் காயப்பட்டு, கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாளே வேலைக்குத் திரும்பும் மனிதரைத் தங்கள் வீடுகளிலேயே அவர்கள் கண்டிருந்தனர். ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாது என்ற நிலையில் வாழ்பவர்களுக்கு அது வீரமன்று, வழமை. தமது வழமையைப் பல்லாயிரம் பேர் பார்க்கும் அரங்கில் ஒருவர் நிகழ்த்தி, அதனால் வெற்றியும் பெற்றபோது, தம் வாழ்வுக்கே ஓர் அங்கீகாரம் கிடைத்ததாக அவர்கள் உணர்ந்தனர். ஜாவோர்ஸ்கிமீதான அன்பின் வேர் இங்கேதான் உள்ளது. அவரது திறமையை வியந்தவர்கள் அறிந்திருந்தவர்கள். அவரை நேசித்தவர்களோ தம்மையே அவரிடத்தில் கண்டவர்கள்.

கிண்ணங்களும் களங்கமும்

ஆட்டக்காரராகவும் பயிற்றுவிப்பாளராகவும் ஒருசேர நின்று ஜாவோர்ஸ்கி நான்கு கிண்ணங்களை வென்றார். 1986இல், பில்லி ரே பேட்ஸ், மைக்கல் ஹக்கெற் ஆகிய இரு அமெரிக்கர்களின் துணையுடன் முதலாவது கிண்ணம் கிடைத்தது. உள்நாட்டு வீரர்கள் மட்டும் ஆடும் சுற்றுப்போட்டியில் 1988இல் இரண்டாவது கிண்ணம் வந்தது. 1991இல் ஷெல் அணியுடனான இறுதித் தொடரில் மூன்றுக்கு ஒன்று எனப் பின்தங்கியிருந்து, அடுத்த மூன்று போட்டிகளையும் தொடர்ச்சியாக வென்று, ஏழாவது போட்டியின் கடைசி விநாடிகளில் ரூடி டிஸ்ட்ரிட்டோ எறிந்த பந்தினால் மூன்றாவது கிண்ணத்தை ஈட்டினர். 1997இல் அலாஸ்கா அணியை வென்று நான்காவது கிண்ணம் கைக்கு வந்தபோது ஜாவோர்ஸ்கிக்கு 51 வயது ஆகியிருந்தது. அந்த வயதிலும் அவர் பதிவுசெய்யப்பட்ட ஆட்டக்காரராகவே இருந்தார். அவரைச் சில நிமிடங்களாவது களமிறக்குமாறு அரங்கம் அவரது பெயரைக் கூவுவது வழமையாகியிருந்தது.

ஆயினும் இக்காலத்தில் களங்கமும் உண்டு. 1990இல் அதே ஷெல் அணியுடனான இறுதித் தொடரின் ஆறாவது போட்டியில், நடுவர்களின் தீர்ப்புகளை ஏற்க மறுத்து, ஜாவோர்ஸ்கியின் அணி ஆட்டத்தின் நடுவே களத்தைவிட்டு வெளியேறியது. கிண்ணம் ஷெல்லுக்கு வழங்கப்பட்டது. தோல்வியை ஒப்புக்கொள்ளாதே என்று முழங்கிய அணி, ஆடித் தோற்பதற்கும் மறுத்துவிட்டது. விடாமுயற்சிக்கும் பிடிவாதத்துக்கும் இடையிலான கோடு எத்துணை மெல்லியது என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் தேவையில்லை. இரசிகர்கள் இதையும் மன்னித்தனர். மறு ஆண்டு வென்ற கிண்ணம் பழைய கணக்கைத் தீர்த்ததாகவே அவர்கள் கருதினர்.

பகையை அவர் முடித்துக்கொண்ட விதமும் கூறத்தக்கது. 1989இல் நடைபெற்ற நட்சத்திர வீரர்கள் போட்டியில் மூத்த வீரர்களின் அணியில் ஜாவோர்ஸ்கியும் பெர்னாண்டெஸும் ஒன்றாக ஆட நேர்ந்தது. அணியைப் பயிற்றுவித்தவர் பேபி டலுபான். புள்ளிகள் சமநிலையில் இருக்க, கடைசி விநாடிகளில் ஜாவோர்ஸ்கி கொடுத்த பந்தைப் பெர்னாண்டெஸ் வளையத்துள் இட்டு அணிக்கு வெற்றி தேடித்தந்தார். களத்தின் நடுவே இருவரும் கைகுலுக்கியபோது முதிய ஆசான் அருகில் நின்றார். ஐந்தாண்டுப் பகை ஓர் உதவியினால், அதாவது ஒரு பொயின்ட் கார்டின் அன்றாடப் பணியினால், முடிவுக்கு வந்தது. மறு ஆண்டு, 1990இல், பீஜிங் ஆசிய விளையாட்டு விழாவுக்கு முதன்முறையாகத் தொழில்முறை வீரர்கள் அனுப்பப்பட்டபோது, ஜாவோர்ஸ்கி பயிற்றுவித்த அவ்வணியில் பெர்னாண்டெஸும் இருந்தார். இறுதிப் போட்டியில் சீனாவிடம் தோற்று அவ்வணி வெள்ளிப் பதக்கம் பெற்றது.

அரங்கிலிருந்து செனட் சபைக்கு

பிலிப்பைன்ஸில் கூடைப்பந்தாட்ட வீரர் செனட் சபைக்குச் செல்வது புதுமையன்று. 1936 ஒலிம்பிக் அணியின் தலைவர் அம்புரோசியோ பாடில்லா பின்னாளில் செனட்டராக இருந்தவர். அந்நாட்டின் 24 செனட்டர்களும் தொகுதிவாரியாக அன்றி, நாடு முழுவதையும் ஒரே தொகுதியாகக் கொண்டு தெரிவுசெய்யப்படுகின்றனர். இம்முறையில் நாடெங்கும் அறிந்த முகமும் பெயரும் பெருஞ் சொத்தாகும். பண்டத்தின் பெயரால் நாடெங்கும் இரசிகர்களைக் கொண்ட ஓர் அணியின் தலைவருக்கு இதைவிடப் பொருத்தமான தேர்தல் முறை வேறில்லை.

1998 மேயில், திரைப்பட நடிகராக இருந்து ஏழைகளின் பேரன்பைப் பெற்ற ஜோசப் எஸ்ட்ராடா ஜனாதிபதியானார். அதே தேர்தலில் அவரது அணியில் போட்டியிட்ட ஜாவோர்ஸ்கி செனட்டராகத் தெரிவானார். ஜினேப்ராவுடனான அவரது நீண்ட உறவும் அவ்வாண்டுடன் முடிவுக்கு வந்தது.

சோதனை விரைவில் வந்தது. ஊழல் குற்றச்சாட்டுகளுக்கு உள்ளான எஸ்ட்ராடாமீது 2000 டிசெம்பரில் செனட் சபையில் பதவி நீக்க விசாரணை தொடங்கியது. செனட்டர்களே நீதிபதிகளாக அமர்ந்தனர். 2001 ஜனவரி 16ஆம் திகதி, ஜனாதிபதியின் இரகசிய வங்கிக் கணக்கு பற்றிய ஆவணங்களைக் கொண்டதாக வழக்குத் தொடுநர்கள் கூறிய ஓர் உறையைத் திறப்பதா இல்லையா என்ற வாக்கெடுப்பு நடைபெற்றது. திறக்கக் கூடாது என 11 பேரும், திறக்க வேண்டும் என 10 பேரும் வாக்களித்தனர். அந்த 11 பேருள் ஜாவோர்ஸ்கியும் ஒருவர். குற்றப்பத்திரத்துக்கு அவ்வுறை தொடர்பற்றது என்பது அத்தரப்பினரின் வாதமாக இருந்தது. தொலைக்காட்சியில் இதைப் பார்த்துக்கொண்டிருந்த மக்களில் பெருந்தொகையானோர் அன்றிரவே வீதிக்கு இறங்கினர். நான்கு நாட்களுக்குள், ஜனவரி 20ஆம் திகதி, எஸ்ட்ராடா மாளிகையை விட்டு வெளியேற நேர்ந்தது.

வாழ்நாள் முழுவதும் நடுவர்களின் தீர்ப்பை எதிர்த்து நின்ற ஒருவர், தாமே நடுவராக அமர்ந்த நாளில் சான்றைப் பார்ப்பதற்கு எதிராக வாக்களித்தார் என்பதை நாம் கசப்புடனேயே குறிப்பிட வேண்டியுள்ளது. அவரது மனத்தில் இருந்தது சட்ட நோக்கா, தம்மை அழைத்துவந்த தலைவருக்கான விசுவாசமா என்று தீர்ப்புக் கூற எம்மால் இயலாது. ஆனால் அணித் தோழனைக் கைவிடாமை களத்தில் பெருங் குணம். நீதிபதியின் ஆசனத்தில் அதே குணம் குறையாகிவிடும். ஓரிடத்துக்குரிய அறம் இன்னோரிடத்துக்கும் பொருந்தும் என்று கொள்வதே மக்கள் வீரர்களை அரசியலுக்கு அனுப்பும்போது செய்யும் முதற் பிழையாகும்.

2004இல் ஜாவோர்ஸ்கி மீண்டும் போட்டியிட்டார். இம்முறை எஸ்ட்ராடாவின் இடத்துக்கு வந்த குளோரியா அரோயோவின் அணியில் நின்றார். தோல்வியடைந்தார். இத்தோல்விக்கு அந்த ஒரு வாக்கு மட்டுமே காரணம் என்று கூறிவிட முடியாது. அதே அணியில் நின்ற லீட்டோ லாப்பிட், பொங் ரெவில்லா ஆகிய திரைப்பட நடிகர்கள் அத்தேர்தலில் வென்றனர். ஆகவே மக்கள் புகழ் என்ற அளவுகோலையே கைவிட்டுவிட்டனர் என்றும் கூற இயலாது. ஆனால் அரங்கில் அவருக்கு எதையும் மன்னித்த மக்கள், வாக்குச்சாவடியில் அவ்வாறு செய்யவில்லை என்பது மட்டும் உண்மை.

அன்பும் கணக்கும்

2012 ஜூலையில் ஜினேப்ரா அணி ஜாவோர்ஸ்கியின் 7ஆம் இலக்கச் சீருடைக்கு ஓய்வளித்தது. அரனெட்டா அரங்கு நிரம்பி வழிந்தது. அங்கு திரண்டிருந்தோரில் பலர் அவரது உச்சகட்ட ஆட்டத்தை நேரிற் கண்டிராத இளையோர். தந்தையர் சொல்லிக் கேட்ட கதைக்காகவே அவர்கள் வந்திருந்தனர். 2004இன் தோல்வி அன்பை அழித்துவிடவில்லை என்பதும், அன்பு 2004இன் தோல்வியைத் தடுக்கவில்லை என்பதும் அன்று தெளிவாகியது.

பீஜிங்கில் அவர் தவறவிட்ட தங்கப் பதக்கம் 2023 ஒக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டு விழாவில் பிலிப்பைன்ஸுக்குக் கிடைத்தது. 1962க்குப் பின்னர், 61 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த பதக்கம் அது. அவ்வணியைப் பயிற்றுவித்த டிம் கோன், 1997 இறுதித் தொடரில் ஜாவோர்ஸ்கியிடம் தோற்ற அலாஸ்கா அணியின் பயிற்றுவிப்பாளராக இருந்தவர், 2015 முதல் ஜினேப்ராவைப் பயிற்றுவித்து வந்தவர். ஒரு காலத்தில் எதிரே நின்றவரே பின்னர் அதே மரபின் காவலராகியிருந்தார்.

இவ்வாழ்க்கையிலிருந்து நாம் பெறத்தக்கது என்ன? விளையாட்டரங்கில் மக்கள் தாராளமாக நேசிக்கலாம், தாராளமாக மன்னிக்கவும் செய்யலாம். ஏனெனில் அங்கே கணக்கு வைத்திருப்பதற்குப் புள்ளிப்பலகை இருக்கிறது. எவர் எவ்வளவு நேசிக்கப்பட்டாலும் பந்து வளையத்துள் விழாவிட்டால் புள்ளி ஏறாது. கடிகாரம் எவருக்காகவும் நிற்பதுமில்லை. அரசியலிலோ அத்தகைய பலகை எதுவும் தொங்கவிடப்படுவதில்லை. அங்கு கணக்கு வைத்திருக்க வேண்டியவர்கள் மக்களே. அன்புக்காகக் கணக்கைக் கைவிடும் மக்கள் ஏமாற்றப்படுவர். கணக்குக்காக அன்பையே கைவிடும் மக்கள் வறண்டுபோவர்.

பிலிப்பைன்ஸ் மக்கள் ஜாவோர்ஸ்கி விடயத்தில், அறிந்தோ அறியாமலோ, இரண்டையும் வெவ்வேறாக வைத்துக்கொண்டனர். செனட் ஆசனத்தை அவருக்கு மீண்டும் கொடுக்க மறுத்த அதே மக்கள், உதட்டில் ஒன்பது தையல்களுடன் திரும்பிவந்த அந்த மனிதரைத் தம் நினைவிலிருந்து அகற்றிவிடவும் மறுத்தனர். நேசிக்கப்படும் மனிதர்களிடம் அதிகாரத்தைக் கையளிக்க எண்ணும் எந்த மக்களும் எண்ணிப் பார்க்க வேண்டிய பாடம் இது.